மாஸ்டர் சமையலறை வாசல் வழியாக வந்தார்

அன்புள்ள ரியோஹெய்க்கு,

அம்மா எழுதுவது. வான்கூவரில் நீயும் ஹன்னாவும் குழந்தை மியோவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர, அது மழைக்கு முந்தின நாள் மட்டும் வீட்டில் எல்லாரையும் விட அதிகமாகப் பேசும். இனி விஷயம். இவாதோ மாஸ்டர் தன் ரக்பி முகாம் மைதானத்தை எனக்கு விற்றுவிட்டார். நம் விடுதிக்குச் சமையலறை வாசல் வழியாக வந்து, செருப்பைக் கழற்றி, லெட்யூஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று விற்றார். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் நீ அங்கே மழையா வெயிலா என்று பேச்சை மாற்றுவாய், இல்லாவிட்டால் சரியாகக் கேட்கவில்லை என்பாய். கடிதத்தில் அந்தச் சாக்குச் செல்லாது. நடுவில் வைத்துவிடாமல் கடைசி வரி வரை படி.

மியோ பாட்டியின் முகாமுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள், நீ முடியாது என்று சொன்னதிலிருந்து உன்னோடு பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். "அந்த மலை ஊருக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன், அம்மா, நீ நடத்தினாலும் சரி" என்று அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். கோபம் வரவில்லை எனக்கு. எத்தனையோ வருடமாகப் பிள்ளையை விளையாட்டு முகாமுக்கு அனுப்பப் பயப்படுகிற தாய் தகப்பன்களைச் சமாளித்தே சாப்பிடுகிறேன், அவர்களில் மிகக் கடினமான ஆள் என் வயிற்றிலேயே பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீ முடிவு செய்வதற்கு முன்னால் உனக்குத் தெரியாத பாதியைச் சொல்ல வேண்டும். அந்த நாளில் நீ முகம் குப்புறப் புல்லில் கிடந்தாய். உனக்குப் புல் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அப்போது நான் பெட்டி லாரி வைத்து விடுதிகளுக்குக் காய்கறி போட்டுக்கொண்டிருந்தேன். இவாதோ முகாமில் பெற்றோர் வாசலைத் தாண்டக் கூடாது, ஒரு வாரத்துக்குப் பிள்ளையின் குரலைக் கூடக் கேட்கக் கூடாது, ஆனால் லெட்யூஸுக்கு அந்தச் சட்டம் இல்லை. பெட்டியை இறக்கிவிட்டு மைதானத்தை எட்டிப் பார்த்தேன். நீ விழுந்து கிடக்கிறாய், அந்த ஆள் அலுமினியக் கெட்டிலோடு உன் தலைமாட்டில் நிற்கிறான். ரக்பிக்காரர்களின் கெட்டில் எதற்கு என்று ஊருக்கே தெரியும், அடிபட்டு விழுந்தவன் தலையில் ஊற்ற. குடித்தால் கால் தளர்ந்துவிடும் என்பது அவன் வேதம். பையன்கள் வேண்டுமென்றே விழுந்து, கன்னத்தில் வழிகிற தண்ணீரை நக்கிக் குடித்தார்கள் என்று நீயே பிறகு சொன்னாய். அன்றைக்கு நீ வேண்டுமென்று விழவில்லை. அவன் கெட்டிலைச் சாய்த்து, உன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, புல்லில் முழுக்கக் கவிழ்த்தான். "குடிக்கணுமா? முதல்ல எழுந்து ஓடு. நடிக்கிறவனுக்கு இங்க தண்ணி கிடையாது" என்றான். நான் ஓடி வந்து உன்னைத் தூக்கியபோது என்னைப் பார்த்துச் சொன்னான், "காய்கறிக்காரி சமையலறை வாசலோட நிக்கணும்." இந்த ஒரு வாக்கியத்தை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்லித் தீர்த்துக்கொண்டால் சூடு ஆறிவிடும் என்று வைத்திருந்தேன்.

உவேதா ஆஸ்பத்திரியில் நீ கையில் ஊசியோடு படுத்திருந்தபோது அவன் வரவில்லை. இந்த ஊரில் அடுத்தவன் வேலிச்செடி ஒடிந்தாலும் இனிப்புப் பெட்டியோடு வந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். அவன் உதவியாள் வந்து, முகாமின் பெயர் போட்ட துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். உன்னை அங்கே அனுப்பினேனே என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டதே இல்லை, ரியோ. அனுப்பினது தப்பு இல்லை, கவிழ்த்தவன் கைதான் தப்பு. அதனால் அழுவதற்குப் பதில் கணக்குப் போட்டேன். அவனை அடித்தால் ஒரு நாள் வலிக்கும். அவனிடம் பிள்ளைகளை விடுகிறவர்களை எடுத்துவிட்டால் சாகும் வரை வலிக்கும்.

அவன் வாசலுக்கு நேர் எதிரே இருந்த விடுதி விலைக்கு வந்தபோது, மழையில் கூரை ஒழுகுகிற அந்த இடத்தை நான் ஏன் வாங்கினேன் என்று அப்பாவுக்கே புரியவில்லை. நான் கூரையைப் பார்த்து வாங்கவில்லை, எதிர்வாசலைப் பார்த்து வாங்கினேன். அவன் வாசலில் ஒரு பலகை, "பெற்றோர் இங்கேயே திரும்பவும்." நான் இந்தப் பக்கம் ஒரு பலகை வைத்தேன், "பெற்றோர் உள்ளே வரவும், சமையலறை வாசல் வழியாக." பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு, குளிர்ந்த பார்லி டீ, காசு வேண்டாம். அந்த பெஞ்சை நான் தர்மத்துக்குப் போடவில்லை. பிள்ளையை அவன் வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் போகவும் மனம் வராமல், காரின் கதவைத் திறந்து திறந்து மூடுகிற அம்மாக்கள் வந்து உட்கார ஒரு இடம் வேண்டுமே. வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் என் வாசலில் வந்து நின்றார்கள்.

லெட்யூஸ் வாங்குகிறவன் என்ன செய்வான் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் என் லாரியில்தான் வளர்ந்தாய். இலையைப் பார்க்க மாட்டான், திருப்பிப் போட்டு அடித்தண்டின் வெட்டைப் பார்ப்பான். வெள்ளையாகப் பால் கசிந்தால் இன்று அறுத்தது, சிவந்திருந்தால் பழசு. முகாம்காரர்கள் எல்லாரும் கோப்பைகளையும் புகைப்படங்களையும் காட்டுகிறார்கள், அது இலை. நான் அடித்தண்டைக் காட்டினேன். முதலில் சமையலறை, சோற்றுப் பானை, முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தனி வாணலி, பிறகு கழிப்பறை, பிறகு படுக்கிற இடம், மைதானம் கடைசியில். தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது, எந்தப் பிள்ளையும் யாரையும் கேட்காமல் எடுத்துப் பேசலாம். ஒரு வேடிக்கை சொல்கிறேன், எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று தெரிந்த பிள்ளை பேசுவதே இல்லை. பெற்றோர்தான் பேசுகிறார்கள். நகோயாவிலிருந்து ஒரு அப்பா, மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டார், சொன்னேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, "விடுதியம்மா, அந்தப் பூசணிக்காயை எப்படி வேக வச்சீங்க?" என்றார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

நிஷிவாகி என்று ஒரு அம்மா, சைத்தாமாக்காரி. பிள்ளையை எதிரே விட்டுவிட்டு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒண்ணு கேட்பேன், சிரிக்கக் கூடாது" என்றாள். "நான் கேரட் விக்கிறவ, சிரிக்க நேரம் இல்லை, கேளுங்க" என்றேன். பிள்ளைக்குப் பத்து வயதாகியும் படுக்கையை நனைக்கிற பழக்கம் விடவில்லை, எதிரே நனைந்த மெத்தையை வாசலில் எல்லாரும் பார்க்கக் காயப்போடுவார்களாமே, உண்மையா என்றாள். நான் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் விடுதியில் எல்லார் மெத்தையும் தினமும் காலையில் கைப்பிடிச் சுவரில் வெயிலுக்குப் போகும், நனைந்ததும் நனையாததும், அப்பாதான் தட்டிப் போடுவார். "இதுல நனைஞ்சது எதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றேன். அவள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தெருவைக் கடந்து போய், வாசலில் சண்டை போட்டு, பையனையும் பையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறு வருடம் அவள் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்தது.

அந்த பஸ் வந்த அன்றைக்குத்தான் அந்த ஆள் தெருவுக்கு வந்து கத்தினான், "ஏம்மா, என் வாசலுக்கு எதிர்ல பெஞ்சு போட்டு ஆள் பிடிக்கிறியே, வெட்கமா இல்லை உனக்கு?" நான் லெட்யூஸ் உதிர்த்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. "காய்கறிக்காரிக்கு என்ன வெட்கம், மாஸ்டர்? நல்ல சரக்கு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் ஜனம் வரும். டீ குடிக்கிறீங்களா? தாகமா இருப்பீங்க" என்றேன். முகம் சிவந்து போய்விட்டான். அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன், இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வசந்தத்தில் அவன் முகாமுக்குப் பெயர் கொடுக்க ஆளே இல்லை. வயதும் எழுபதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் இனிப்புப் பெட்டியோடு நம் முன்வாசலில் வந்து நின்றான். வேலைக்காரப் பெண்ணிடம், சமையலறை வழியாக வரச் சொல் என்று சொல்லி அனுப்பினேன். வந்தான். கால்மிதியின் மேல் நின்றான். மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றான், மரியாதை எல்லாம் இப்போதுதான் வந்திருக்கிறது. நான் உன் பெயரைச் சொன்னேன். "எந்தப் பையன்? எத்தனையோ பசங்க வந்தாங்க, எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றான். அதுவரை எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருந்தது, ரியோ, அது அங்கேயே செத்துப்போயிற்று. "ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு குடுத்து அனுப்பினீங்களே, அது ஞாபகம் இருக்கா?" என்றேன். அதுவும் இல்லை என்றான். "அது மேலதான் நிக்கிறீங்க" என்றேன். குனிந்து பார்த்தான். எழுத்து மங்கியிருந்தாலும் இவாதோ என்று இன்னும் வாசிக்க முடிகிறது. காலைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் சிமெண்டுத் தரையில் இறங்கி நின்றான். "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் பழக்கினாங்க" என்று முணுமுணுத்தான். "எல்லாரும் தண்ணி குடுக்காம இருந்தாங்க, நீங்க கவுத்தீங்க. ரெண்டும் ஒண்ணா?" என்றேன். கையிலிருந்த பெட்டியை நீட்டினான். இனிப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டேன், பிரித்து வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன், நான் தொடவில்லை.

போன மாதம் முகாம் தொடங்கியது, ஒப்பந்தப்படி, அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன், அவன் கெட்டிலைத் தூக்கினான். பெற்றோர் எல்லாரும் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டம்ளர், அவன் கையால். அப்பா என் காதில், "போதும் சுமியே, வயசான மனுஷன் நடுங்குறான்" என்றார். "நடுங்கட்டும், சிந்தாம நடுங்கட்டும்" என்றேன். ஒரு குட்டிப் பெண் டம்ளரை நீட்டி, "தாத்தா, இன்னொண்ணு" என்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தான். அவன் திருந்தினானா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது, எனக்கு அது தேவையும் இல்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, பெற்றோர் பார்த்தார்கள், அவன் தூக்கினான்.

இப்போது உன் விஷயம். அனுப்பு என்று நான் சொல்ல மாட்டேன், எந்தப் பெற்றோரிடமும் சொன்னதில்லை. வந்து திருப்பிப் பார் என்றுதான் சொல்வேன். மியோவோடு நீயும் வா, சமையலறை வழியாக வா, பானையைத் திற, மெத்தையை முகர்ந்து பார், பிள்ளைகளிடம் நான் இல்லாதபோது கேள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ, வழிச்செலவு என்னுடையது. அடுத்த ஜூலையில் அவளுக்குப் பத்து வயது ஆகிறது, உனக்கு அப்போது இருந்த வயது. அவள் கேட்பது ஒரு பந்தும் ஓடுவதற்குப் புல்லும். அந்த ஆள் உன்னிடமிருந்து எடுத்ததை அவளிடமிருந்தும் எடுக்க விடாதே.

மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், ஹன்னாவுக்கு என் அன்பு, மியோவுக்கு நூறு முத்தம், அவளோடு சீக்கிரம் பேசு. குளிருக்கு முன்னால் காரின் பேட்டரியைப் பார்த்துக்கொள், போன வருடம் போல் தெருவில் நிற்காதே.

அவனோடு பேசி முடித்தது இதுதான். மைதானத்துக்கு ஊரில் போகிற விலை, ஒரு யென் குறைக்கவில்லை, இளைத்த நேரத்தில் ஏமாற்றினாள் என்று ஒருவன் சொல்லக் கூடாது. அவன் பெயர்ப்பலகை இறங்க வேண்டும். "பெற்றோர் இங்கேயே திரும்பவும்" என்ற பலகை எனக்கு, ஊறுகாய்ப் பீப்பாய்க்கு மூடியாகப் போட்டிருக்கிறேன். மைதானத்து ஓரத்து வீட்டில் உயிர் உள்ளவரை அவன் வாடகை இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பதில் நடக்க முடிகிற வரை ஒவ்வொரு முகாமின் முதல் நாளும் கெட்டிலைத் தூக்க வேண்டும், ஒவ்வொரு டம்ளருக்கும் "கேக்க வேண்டாம், எப்ப வேணும்னாலும் குடி" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கடைசியாக, அடுத்த ஜூலையில் முதல் டம்ளர் உனக்கு. இதற்குத்தான் மிகவும் தயங்கினான், நான் சொன்ன வருடத்தை விரலில் எண்ணிப் பார்த்து, "அவனுக்கு இப்ப முப்பத்தாறு வயசு இருக்குமே" என்றான். "ஆமா, இருபத்தாறு வருஷமா தாகமா இருக்கான்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் ஊற்றிக் கொடுத்ததை நீ குடிக்கிறாயா, அவன் காலடியில் புல்லில் கவிழ்க்கிறாயா என்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதை நான் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன்.

உன் அம்மா,
மோமோசே சுமியே