மூலையில் இருந்த இரண்டு எழுத்து

பார்லோ கரை, செஷயர்
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து

கண்ணு லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை கிரெய்க்கும் என் பேரன் ஃபின்லேயும் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, யார் பின்னியது என்று கேட்க மாட்டேன். இப்போது உட்கார்ந்துகொண்டு படி. பாலம் திறந்துவிட்டது. நேற்றுத்தான். இன்று காலை வீட்டு வாசலிலிருந்து கிளம்பி பதினோராவது நிமிஷம் உன் அப்பா முன்னால் நின்றேன், ஜெயித்துவிட்டேன் லோர்னா, உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஃபின்லேக்குப் படித்துக் காட்டுவாய் அல்லவா, அவனுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். தாத்தா இருக்கும் முதியோர் இல்லம் கால்வாய்க்கு அந்தக் கரையில், நம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய திரைச்சீலை தெரியும். நடுவே இருந்த நடைபாலம் துருப்பிடித்துவிட்டது என்று ஏழு வருஷம் முன்பு சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். அன்றிலிருந்து அவரைப் பார்க்க இரண்டு பஸ், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, அதனால் வாரத்துக்கு இரண்டே தடவை. அவருக்கோ மறதி கூடிக்கொண்டே போகிறது. போகிற ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி, "எப்படி வந்தே ஹெட்டி?" என்பதுதான். "ரெண்டு பஸ் மாறி" என்பேன். முகம் வாடிவிடும். என்னை மறப்பதற்குள் அந்தப் பதிலை மாற்றிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம் எனக்கு.

பாலத்தைப் புதுப்பிக்க கவுன்சில் சரி என்றது, எஞ்சினியர் சரி என்றார், லண்டனில் போக்குவரத்து மந்திரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் ஆறு வருஷம். நான் கடிதம் போடுவேன், புது மந்திரி பதவி ஏற்றிருக்கிறார், எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்க விரும்புகிறார், பொறுத்திருங்கள் என்று பதில் வரும். பொறுத்திருப்பேன், அவர் பார்த்து முடிப்பதற்குள் அவரைத் தூக்கி மீன்வளத்தில் போட்டுவிடுவார்கள், மீன்வளத்தில் இருந்தவரைச் சிறைத்துறைக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழு பேர் லோர்னா, ஆறு வருஷத்தில் ஏழு பேர். இங்கே யாருக்காவது ஒரு பெயர் தெரியுமா என்றால் கிடையாது. பக்கத்து வீட்டு பிரெண்டாவிடம் ஒரு நாள், மறுபடி மந்திரியை மாத்திட்டாங்கடி என்று ஓடிப்போய்ச் சொன்னேன், "அடப்பாவமே, பஸ் டைமையும் மாத்திட்டாங்களா?" என்றாள். மறதி டாக்டர் உன் அப்பாவைச் சோதிக்க வந்தபோது, இப்போது பிரதமர் யார் என்று கேட்டாராம், "இருங்க டாக்டர், இப்ப மணி என்ன?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். டாக்டர் சிரித்துவிட்டு முழு மார்க் போட்டுவிட்டார்.

நான் பிறந்தது கால்வாயில் கரி ஏற்றிப்போகும் படகில், அந்தப் படகு எங்கே நின்றதோ அங்கே பள்ளிக்கூடம், ஐந்தாம் வகுப்போடு அதுவும் முடிந்தது. அதனால் எந்தக் காகிதத்தையும் ஓரம்விடாமல், எழுத்து எழுத்தாகத்தான் படிப்பேன், அவசரமாகப் படிக்க வராது. போன வருஷம் மழைக்காலத்தில் மந்திரிகளிடமிருந்து வந்த ஏழு பதில் கடிதங்களையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அடியில் ஏழு கையெழுத்து, ஏழு பெயர், ஏழு விதமான கிறுக்கல். ஆனால் மேலே வலது மூலையில், ஃபைல் நம்பருக்கு முன்னால், எறும்பு போல இரண்டு எழுத்து, ஏழிலும் ஒன்றே. ஹெச். பி. இந்த ஆள் மாறவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. என் எட்டாவது கடிதத்தை மந்திரிக்குப் போடவில்லை. ஐயா அல்லது அம்மா ஹெச். பி. அவர்களுக்கு என்று எழுதினேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, அங்கே நிலையாக இருக்கிறவர் நீங்கள் ஒருவர்தான் போல, என் வீட்டுக்காரர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதி, எழுத்துப்பிழைக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் போன். ஒரு பெண் குரல். "ஹெட்டிம்மா, நான்தான் அந்த ஹெச். பி., ஹர்ப்ரீத் பெய்ன்ஸ். பன்னெண்டு வருஷமா மந்திரிங்க கடிதமெல்லாம் எழுதிக்கொடுத்துக்கிட்டு இந்த நாற்காலியிலே இருக்கேன், என் பேருக்குன்னு வந்த முதல் கடிதம் உங்களோடதுதான்" என்றாள். ஒவ்வொரு தடவை மந்திரி மாறும்போதும் பழைய ஃபைல் எல்லாம் அடியில் போய்விடுமாம், உங்களுடையதில் எல்லாம் சரியாக இருக்கிறது, அடுத்த தடவை மாறும்போது முதல் நாள் மேஜையில் அதையே மேலே வைக்கிறேன் என்றாள். எப்பம்மா மாறும் என்று கேட்டேன். "அது பத்திக் கவலையே படாதீங்க" என்று சிரித்தாள்.

அப்புறம் பார், இந்த நாட்டிலேயே மந்திரி மாற்றத்துக்காக ரேடியோவுக்குப் பக்கத்தில் காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஏழு வாரம். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது செய்தி வந்தது, கரண்டியோடு தெருவில் இறங்கி மாத்திட்டாங்க என்று கத்தினேன், பிரெண்டா பஸ் அட்டவணையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூன்றாம் நாள் கையெழுத்து ஆகிவிட்டது. பாலம் கட்ட ஒன்பது மாதம்.

நேற்றுத் திறப்பு விழா. ஊர்க் கூடத்தில் தேநீர்ப் பாய்லர் காலையிலிருந்தே சூடாகவில்லை, ரிப்பேர்க்காரன் வருவான் என்று பிரெண்டா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுப் போட்ட ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "இப்பதான் வர்றியாப்பா? எட்டு மணியிலேருந்து காத்துக் கிடக்கோம், அதோ கிடக்கு போ" என்று அவர் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தாள். நம் நாட்டு மரியாதை தெரியுமே, மறுத்துப் பேச அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை, கோட்டைக் கழற்றிவிட்டு பாய்லர் அடியில் தலையை விட்டார். ஹர்ப்ரீத் லண்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவள் அதைப் பார்த்து, "அய்யோ, அவர் மந்திரி" என்று கத்தினாள். பிரெண்டா அசையவே இல்லை. "இருக்கட்டுமே கண்ணு, பாய்லர் ஓடுச்சா இல்லையா?" என்றாள். ஓடியது. அதற்குக் கூடமே கைதட்டியது.

பிறகு பாலத்தடியில் கல்வெட்டின் திரையை மந்திரி இழுத்தார். உள்ளே வேறு பெயர். கையெழுத்துப் போட்ட மந்திரியைப் போன மாதமே கல்வித்துறைக்கு மாற்றிவிட்டார்களாம், இவர் அதற்கு அடுத்தவர், கல் மாறவில்லை. அவர் முகம் சிவந்துபோனது, ஹர்ப்ரீத் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நன்றாகக் கைதட்டினார்கள். பாவம், நிம்மதியாக மூச்சு விட்டார். நீங்கள் ஏதாவது பேசுகிறீர்களா அம்மா என்று என்னைக் கேட்டார். "பேசறதுக்கு ஒண்ணுமில்லைங்க, சீக்கிரம் ரிப்பனை வெட்டுங்க, அந்தப் பக்கம் அவரு உட்கார்ந்திருக்காரு" என்றேன். கத்தரிக்கோலை என்னிடமே கொடுத்துவிட்டார். நான் அதை ஹர்ப்ரீத் கையில் வைத்தேன். அவள் அழுதுகொண்டே வெட்டினாள்.

பாலத்தில் ஏறி நடந்தபோது முழங்கால் வலி எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்தக் கரையில் உன் அப்பாவைச் சக்கர நாற்காலியில், டை கட்டி, தலை வாரி உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தார். "எப்படி வந்தே ஹெட்டி?" என்றார். "நடந்துதான் வந்தேன் வில்ஃப்" என்றேன். "நடந்தா?" என்று எட்டிப் பாலத்தைப் பார்த்தார், கல்வெட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "அது யாரு?" என்றார். "பாய்லர் ரிப்பேர் பண்ண வந்தவரு" என்றேன். "நல்லாப் பண்ணினாரா?" என்றார். "நல்லாவே பண்ணினாரு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாளைக்கும் வா" என்றார். இன்று காலையும் போய்விட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிரெய்க்கைக் குனிந்து பாரம் தூக்க வேண்டாம் என்று சொல். ஃபின்லே மெதுவாகப் படிக்கிறான் என்று எழுதியிருந்தாய், அவனைத் திட்டாதே, மெதுவாகப் படிக்கிறவனுக்குத்தான் மூலையில் இருக்கிறது கண்ணில் படும். ஹர்ப்ரீத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை போடு, முழுப் பெயரையும் எழுது, பெரிய எழுத்தில். நீங்கள் மூவரும் நீண்ட நாள் நிறைவாக இருங்கள்.

தினமும் நடந்து போகும் உன் அம்மா,
ஹெட்டி ஸ்கெல்ஹார்ன்

மறந்துவிட்டேன், கல்வெட்டில் பெயரை மாற்றித்தரட்டுமா என்று கவுன்சிலில் கேட்டார்கள். வேண்டாம், அந்தக் கல்லை அப்படியே விடுங்கள், வலது மூலையில் மட்டும் சின்னதாக இரண்டு எழுத்து வெட்டிக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறான்.