உன் சட்டைப்பையில் கிடந்த ஃபியூஸ்

என் மச்சான் ரத்தினம்,

நீ செய்யாத பிழையை முதலாளி ஒரு கடிதத்தில் உன் பெயரில் எழுதிவிட்டார். பெற்றோல் பம்பின் ஃபியூசைக் கழற்றாமல், அழுத்தத்தை இறக்காமல், எஞ்சினுக்குப் பெற்றோல் பீச்சும் இன்ஜெக்டர் குழாயைத் திறந்தாயாம். அதனால்தான் கராஜ் எரிந்ததாம். அந்தக் கடிதத்தில் நீ கையெழுத்தும் வைத்தாய். ஏன் என்று நான் சத்தம் போட்டபோது, "முதல் வேலை தந்த மனுசன் மச்சான், எப்பிடி மறுக்கிறது?" என்றாய். அந்த வேலையும் போனது. அடுத்த பனிக்காலத்தில் மாரடைப்பில் நீயும் போனாய்.

உன் முப்பத்தோராம் நாளன்று எல்லிங்ஸ்ருட்டில் நம் ஆட்கள் கூடும் மண்டபத்தில், சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் சொன்னார்: "பாவம், நல்ல மனுசன். ஆனா ஒரு ஃபியூசைக் கழட்டத் தெரியாமப் போச்சு." நான் எழுந்தேன். "அவன்ரை வீட்டுச் சோத்தை விழுங்கிப்போட்டுக் கதையுங்கோ" என்றேன். என் தங்கை மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டதா என்று அன்று பயந்தேன்.

போன கிழமை அவள் உன் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பைக்குள் ஃபியூஸ். அதில் சுற்றிய ஒட்டுநாடாவில், எரிந்த காரின் இலக்கம், உன் கையெழுத்தில். வேறு யாரும் திருப்பிக் கொழுவிவிடாதபடி சட்டைப்பையில் போட்டு வைப்பது உன் பழக்கமல்லவா?

நாம் இந்தத் தொழிலை நூலகப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துப் படித்தவர்கள். ஃபியூசைக் கழற்று, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு, பற்றரியைக் கழற்று, துணி சுற்றி மெல்லத் திற, இன்ஜெக்டரை நெம்பாமல் நேராகத் தூக்கு. அப்போதும் குழாயில் மிச்சப் பெற்றோல் சொட்டும். ஆகவே கதவு திறந்திருக்க வேண்டும், ஹீற்றர் அணைந்திருக்க வேண்டும். அன்று காலை இரண்டையும் நீ கேட்டாய். சூடு போய்விடும் என்று முதலாளி மறுத்தது, பக்கத்துக் காரின் அடியில் கிடந்த எனக்குக் கேட்டது. விசாரணையில் சொன்னேன். தொழிற்சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். காதுக்குமா சான்றிதழ்?

இனி முதலாளி அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். கதவை மூடவைத்தது தான்தான் என்று எழுத வேண்டும். விசாரித்த அதிகாரி என்னை மறுபடி கூப்பிட்டு, சொல்வதை முழுவதுமாக எழுத வேண்டும். மண்டபத்தில் கதைத்தவர் மலரின் வீட்டுக்கு வந்து, உன் படத்துக்கு முன்னால் தன் பேச்சைத் திரும்ப எடுக்க வேண்டும். மலர் அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்க வேண்டும். நான் ஃபியூசை எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒருவர் கையிலும் கொடுக்கக் கூடாது. கொடுக்க மாட்டேன், ரத்தினம்.

விட்டுக்கொடுக்காத உன் மச்சான்,
மலரின் அண்ணன்