உப்புப் போடாமல் காய்ச்சிய சோறு

மார்ச் 3, திங்கள்

காலை ஆறரைக்கே வெயில். காற்று இல்லை. ஸ்கூட்டியின் பின் டயரிலும் இல்லை. அடித்துக்கொண்டு வேலணைப் பள்ளிக்கூடம் போய்ச் சேர எட்டு மணி. அதிபர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

தரம் 12 உயிரியல். ஆறு பேர். போன வருடம் ஒன்பது. புது அலகு: உயிரின் இரசாயன அடிப்படை. இன்று நீர். ஒட்சிசன் பக்கம் சிறிது மறை, ஐதரசன் பக்கம் சிறிது நேர். அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், உப்பைக் கரைக்கும், சூட்டை மெல்ல வாங்கும். இருபத்திரண்டு வருடமாய்க் கரும்பலகையில் அதே படம். பின்வரிசை வாங்கில் கொட்டாவி. எனக்கும் வந்தது, அடக்கினேன்.

அப்பா இன்று என்னைத் திரேசம்மா என்று கூப்பிட்டார். அம்மா செத்து ஒன்பது வருடம். திருத்தவில்லை. "தேத்தண்ணி கொண்டாறன்" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்ச் சும்மா நின்றேன்.

சனி பத்து மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பட்டினத்து முதியோர் இல்லம். ஓர் இடம் காலியாம். அங்குள்ள சிஸ்டர் நான் கொடுத்துவைத்தவள் என்கிறார். கொண்டுபோக: சாரம் 6, துவாய் 2, அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பி, சவரச் சாமான். பக்கத்து வீட்டு ஜெயராணி அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

காபோவைதரேற்று. மாப்பொருளுக்கு அயடீன், குளுக்கோசுக்குப் பெனடிக்ற். சோதனைக்குழாய் பிடிக்கும் இடுக்கி ஒன்றுதான் மிச்சம். ஆறு பேரும் முறை வைத்துப் பிடித்தார்கள்.

இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா இல்லை. ஜெயராணி அக்கா (நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும் நேரம் அவதான் பார்ப்பது) வேலியடியில்: "பிள்ளை, கொப்பர் இறங்குதுறையில நிண்டு தன்ர வள்ளத்தை ஆர் கொண்டுபோனதெண்டு கேக்கிறார். வள்ளம் வித்துப் பத்து வருசமல்லோ!" போய்க் கூட்டிவந்தேன். நடையும் தள்ளாட்டம். பொங்கலுக்கு முன் இப்படியில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு படி கீழே. எழுபத்தெட்டு வயது, வேறென்ன.

சாப்பாட்டில் மட்டும் பிழை விடவில்லை. பிறசர் என்று கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் அடியோடு நிறுத்தினேன். கறிக்கு உப்பு இல்லை, கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. பிறசருக்கென்று தந்த, சலம் போகவைக்கும் குளிசை காலையில், ஒரு நாளும் தவறியதில்லை. வெயிலுக்கு மூன்று பெரிய போத்தல் தண்ணீர், முன்னால் நின்று குடிக்கவைப்பேன். ஜெயராணி அக்கா சொல்லுவா, "உன்னைப்போலத் தேப்பனைப் பாக்கிற பிள்ளை ஊரில இல்லை." இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது, ஒளிப்பானேன்.

பின்னேரம் தட்டைத் தள்ளினார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலை." பழமொழி மட்டும் மறக்கவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்

ஐந்தரைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்கூடம். ஒருசந்தி விரதம். பாடம் புரதம், அமினோவமிலம். குரல் அடைத்துவிட்டது.

இன்று எழுத ஒன்றுமில்லை. சனிக்கு இன்னும் மூன்று நாள்.

மார்ச் 6, வியாழன்

செய்முறை. வடித்த நீர் முடிந்து எத்தனையோ மாதம், கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. ஆர்.ஓ. குழாய்த் தண்ணீரால் சமாளித்தோம். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். தை மாதத்திலிருந்துதான் உப்பு நீக்கிய அந்தத் தண்ணீர் தெருக்குழாயில் வருகிறது.

உருளைக்கிழங்குக் கீலம் இரண்டு. ஒன்று உப்புக் கரைசலில், மற்றது ஆர்.ஓ. தண்ணீரில். அரை மணித்தியாலத்தில் முதலாவது துவண்டது, இரண்டாவது விறைத்து நீண்டது. ஏன்? "பிரசாரணம், ரீச்சர்." சரி. தண்ணீர் உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குப் போகும். தாவரக் கலத்துக்குச் சுவர் உண்டு, தாங்கும். எங்கள் கலத்துக்குச் சுவர் இல்லை, வெளியே உப்புக் குறைந்தால் தண்ணீர் உள்ளே போய் ஊதும். நானே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

மெரின் (கடற்றொழில் வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாது): "ரீச்சர், இந்தத் தண்ணி வந்த புதுசில எங்கட வீட்டில ஒரு கிழமையா உப்பில்லாச் சோறு. முந்திக் கிணத்துத் தண்ணியில உலை வைச்சா உப்புப் போடுறேல்லைத்தானே. அம்மா பழக்கத்தில விட்டிட்டா. ஐயா கோப்பையத் தூக்கி எறிஞ்சாப்பிறகுதான் விளங்கினது!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தக் கிழமையில் முதல் சிரிப்பு.

அப்பாவின் சாரங்களைத் தோய்த்து மடித்தேன். "எங்கை போறம்?" என்றார். "பட்டினத்துக்கு." "வள்ளத்திலயோ?" "பஸ்ஸில." தலையிடி என்று தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருதரம் சத்தியும் எடுத்தார். வெயில்தான் என்று இன்னும் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாம் பாடம். போன். ஜெயராணி அக்கா: "கெதியா வா பிள்ளை, கொப்பருக்குக் கை கால் இழுக்குது, கண் சொருகுது!"

எப்படி ஸ்கூட்டி ஓடினேன் தெரியாது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இழுப்பை நிறுத்தி, அம்புலன்சில் பட்டினத்துக்கு. பாதை முழுக்க அவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டொக்டர் வந்தார். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும்.

"எத்தினை நாளா இந்தத் தடுமாற்றம்?"

"பொங்கலுக்குப் பிறகு. மறதி வருத்தம் டொக்டர்."

"ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. நானே முடிவுகட்டினது.

"ரத்தத்தில சோடியம் நூற்றிப் பன்ரெண்டு. நூற்றி முப்பத்தஞ்சுக்குக் கீழை போகக்கூடாது. மூளை வீங்கியிருக்கு. சாப்பாட்டுக்கு உப்புப் போடுறனீங்களோ?"

"கறிக்குப் போடுறேல்லை."

"சோத்துக்கு?"

"சோத்துக்கு நாங்கள் ஒருநாளும்..."

எங்கள் வீட்டிலும் உலைக்கு உப்புப் போடுவதில்லை. அம்மாவும் போட்டதில்லை, கிணறு போடும். தை மாதம் கிணற்றை விட்டேன், உலைக்கு உப்புப் போடத் தொடங்கவில்லை. கறியில் இல்லை, சோற்றில் இல்லை, தண்ணீரில் இல்லை. உள்ளதைக் குளிசை சலத்தோடு கொண்டுபோனது. மேலே மூன்று போத்தல் ஊற்றினேன். இரண்டு மாதம். நேற்று ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே விஷயம் என் வீட்டில், என் தகப்பனின் தலைக்குள். மெரினின் அம்மாவுக்கு ஒரு கிழமையில் விளங்கியது. அவ உயிரியல் படிக்கவில்லை.

கிளினிக்கில் பிழை இல்லை. குறை என்றார்கள், நிறுத்து என்று ஒருவரும் சொல்லவில்லை. குளிசை தொடங்கி ஒரு மாதத்தில் இரத்தம் சோதிக்க வரும்படி கொப்பியில் எழுதியும் இருக்கிறது. தவணைப் பரீட்சை என்று நான்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

"நீங்கள் என்ன வேலை?" என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். ஏசியிருக்கலாம்.

மார்ச் 8, சனி

காலை சோடியம் 118. சேலைன் சொட்டுச் சொட்டாக. கெதியாக ஏற்றினால் மூளை தாங்காதாம். குளிசை நிறுத்தம், தண்ணீர் அளந்து.

பத்து மணிக்கு சிஸ்டரின் வாசலில் நிற்க வேண்டியவள் வார்ட்டுக்கு வெளியே வாங்கில். அவரே போனில் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை, வாறியளோ?"

"இல்லை சிஸ்டர். இடம் வேண்டாம். அப்பாவுக்கு மறதியில்லை. நான் உப்புக் குடுக்கேல்லை."

சிஸ்டருக்கு விளங்கியிருக்காது. "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இழுப்பு வந்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இன்று பஸ்ஸில் கொண்டுபோய் விட்டிருப்பேன். சில நாளில் செத்திருப்பார். நான் நன்றாக அழுதிருப்பேன். என்னைப்போல் பார்த்த பிள்ளை இல்லை என்று செத்தவீட்டில் சொல்லியிருப்பார்கள், நானும் நம்பியிருப்பேன்.

வெட்கமாக இருக்கிறது. நித்திரையும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வரும் என்று தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு

124. கண் திறந்து பார்த்தார். கஞ்சி நாலு கரண்டி. பேச்சு இல்லை. பூசைக்குப் போகவில்லை. ஜெயராணி அக்கா பஸ்ஸில் வந்து மாற்றுடுப்புத் தந்துவிட்டுப் போனா.

மார்ச் 10, திங்கள்

லீவு போட்டாயிற்று. அதிபர் "ம்" என்றார். மெரினுக்கு மெசேஜ்: அடுத்த பாடம் இலிப்பிட்டு, வாசித்து வையுங்கோ.

131. அப்பா தலையணையில் சாய்ந்து இருந்தார். டொக்டர் பக்கத்தில் நின்று கேட்டார், "ஐயா, இண்டைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"இவ ஆர்?"

"என்ர மகள். ரீச்சர்." பெயரும் சொன்னார், சரியான பெயர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னதற்கு அறுபத்தைந்து வரை தடங்கல் இல்லாமல் போனார். டொக்டர் சிரித்து, "நல்ல தெளிவு" என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கு அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டேன்.

பிறகு ஊசி மாற்ற நேர்ஸ் வந்தா. சேட்டுக் கையைத் தோள் வரை மடித்தவ நிறுத்தினா. முழங்கைக்கு மேலே நீலம், விரல் விரலாக நாலு.

"இதென்ன ஐயா?" கேட்டது அவரிடம், பார்த்தது என்னை.

அப்பா யோசிக்கவேயில்லை. "கிணத்தடியில சறுக்கினனான், பிள்ளை. பாசி."

நேர்ஸ் அப்படியே எழுதினா.

எங்கள் கிணற்றடியில் தை மாதத்திலிருந்து ஒருவரும் தண்ணீர் அள்ளுவதில்லை. பாசி காய்ந்து உதிர்ந்துவிட்டது. அப்பா சறுக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் தண்ணீர் வேண்டாம் என்று போத்தலைத் தட்டிவிட்டார். நான் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு சாத்தி வாய்க்குள் ஊற்றினேன். இங்கே எழுதவில்லை. அவருக்கு ஞாபகம் இராது என்று நினைத்தேன்.