துடக்குக்குள் பாட்டு

செவ்வாய், இரவு

அப்பா இறந்த துடக்கு; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை வீட்டில் பாட்டுப் போடக் கூடாது. அதனால் இரத்மலானையிலிருந்து பஸ்ஸில் வரும்போது போனிலுள்ள பாட்டுச் செயலியில், இயர்போன் போட்டுக் கேட்டேன். யார் என்ன கேட்கிறார் என்று அந்தச் செயலி எல்லோருக்கும் காட்டும் என்பதை மறந்துபோனேன். வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் சித்தப்பாவின் மகள் சுகந்தி போனில் கோல் எடுத்துவிட்டாள்.

"அக்கா, துடக்குக்குள்ள பாட்டே கேக்கிறியள்? பெரியம்மா அறிஞ்சா என்ன நினைப்பா?"

"தெரியாமல் கை பட்டிட்டுது" என்றேன். பொய்தான். வீட்டின் அமைதி தாங்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

படுத்தும் தூக்கம் வரவில்லை. செயலியைத் திறக்காமல் அவள் எப்படிப் பார்த்தாள்? அவளுக்கும் அதே துடக்குத்தானே. எழும்பி நானும் திறந்தேன். சுகந்தியின் பெயருக்குக் கீழே ஒரு பைலா ஆட்டப்பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் இயர்போனில் அதையே போட்டிருக்கிறேன். பார்க்கட்டும்.