தவக்காலத்தில் ஒரு வளைகாப்பு

பிப்ரவரி 18, 2026, திருநீற்றுப் புதன்
தொண்டை கட்டிவிட்டது, உள்ளமோ துள்ளுகிறது. இன்று மாதா கோயிலில் என் உரை. "தவக்காலம் முடியுமட்டும் எந்த மங்கல நிகழ்ச்சியிலும் கால் வையோம் என்போர் கை தூக்குங்கள்" என முழங்கினேன். பங்கு மக்கள் எல்லோருமே தூக்கினார்கள். மீன் விற்கும் தேசம்மா இரு கைகளையும் தூக்கினாள். பங்குத்தந்தை மட்டும் தலையைச் சொறிந்தார். இளைஞர், பழகிக்கொள்வார்.

பிப்ரவரி 22
மகள் ஜெனிதா மயிலாப்பூரிலிருந்து அழைத்தாள். ஏழாம் மாதம், மார்ச் ஆறில் வளைகாப்பாம். சம்பந்தி அபயாம்பாள் கைபேசியை வாங்கினார். "பஞ்சாங்கத்தைப் பாத்தேனே தவிர உங்க காலண்டரைப் பாக்கலை. வேற நல்ல நாளும் அமையலை. முதல் வளையலை நீங்கதான் போடணும்."

தவக்காலம், அதிலும் வெள்ளி, ஒருவேளை மட்டுமே உண்ணும் ஒருசந்தி நாள். வர இயலாது என்றேன்.

ஜெனிதா கைபேசியைத் திரும்ப வாங்கினாள். "ரிஜிஸ்டர் கல்யாணம்னு அன்னிக்கு வரல. வளைகாப்புக்கு நோன்பு. குழந்தை பொறக்கறதுக்கு என்ன சட்டம் வெச்சிருக்க?"

அன்று அழாதவள் இன்று அழுதாள்.

பிப்ரவரி 24
தேசம்மா கூடையோடு படியேறினாள். "டீச்சரம்மா, பொண்ணுக்கு வளைகாப்பாமே. போய்டாத. நீதானே கை தூக்க வெச்ச? எங்க நாத்தனார் வூட்டு காதுகுத்துக்கே நான் போவாம கீறேன்."

வஞ்சிரம் வாங்கினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 1
பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்டேன். சிரித்தார். "சபை அப்படி ஒரு சட்டமே போடலையே டீச்சர். நீங்கதானே போட்டீங்க."

ஆக, விலக்குக் கேட்பவளும் நான், தரவேண்டியவளும் நான். இருவருமே பிடிவாதக்காரிகள்.

மார்ச் 5
ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கிய ஆண்டவரைக் குறைகூறியவர்களை எத்தனை மேடைகளில் சாடியிருப்பேன்! அவர்களும் என்னைப்போல் நன்றாகப் பேசுகிறவர்களாகவே இருந்திருப்பார்களோ?

மார்ச் 6
போனேன்.

ஜெனிதா கையை நீட்டினாள். விரல்கள் வீங்கியிருந்தன. பச்சைக் கண்ணாடி வளையலை மெல்ல ஏற்றினேன். "என்னம்மா, ஒரு வாழ்த்துரைகூட இல்லையா?" என்றாள். அடுத்த வளையலை எடுத்தேன்.

ஒருசந்தியின் ஒருவேளைச் சோறு சம்பந்தி வீட்டில்: ஐவகைச் சாதம், வடை, பாயசம். புலால் இல்லை, அவ்வகையில் பிழையில்லை.

மார்ச் 8, ஞாயிறு
பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டுப் பெற்றேன். "நான் சொல் தவறினேன். மகளுக்காகத் தவறினேன். வருந்தவில்லை. உங்களையும் விடுவிக்கிறேன்."

தேசம்மா எழுந்தாள். "நேத்தே காதுகுத்து முடிஞ்சிபோச்சி" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

மாலையில் பங்குப் பேரவை கூடி, ஆண்டுதோறும் நான் ஆற்றும் புனித வெள்ளி உரையை வேறொருவருக்குக் கொடுத்தது.

மார்ச் 17
மந்தைவெளியில் தேசம்மா என்னைக் கண்டும் காணாமல் போனாள். வீட்டில் மீன் இல்லை.

ஏப்ரல் 3, புனித வெள்ளி
புதியவர் நன்றாகத்தான் பேசினார், மூச்சுவிடத் தெரியவில்லை. கடைசி வரிசையில் இருந்தேன். பாதியில் ஜெனிதா வந்து என்னருகே நின்றாள். திருமணத்துக்குப் பின் கோயிலுக்கு இதுவே முதன்முறை.

எல்லோரும் மண்டியிட்டனர். வயிற்றைப் பிடித்தவாறு அவளும் முனைந்தாள். எங்களுக்கு முன்னிருந்த வரிசையிலிருந்து தேசம்மா திரும்பி முறைத்தாள்.

"இன்னா பண்ற நீ? குந்து."

பிறகு என்னைப் பார்த்தாள். "பொண்ணு தனியா குந்திக்கினு கீது பாரு. நீயும் குந்து."

அமர்ந்தேன்.