நீலியின் காதுக்கலங்களை அழிக்காதிருக்கக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி வதனி வினாயகமூர்த்தி,
எருமை வளர்ப்பாளர்,
சித்தாண்டி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கால்நடை உயிர்க்கலக் களஞ்சியம்,
மட்டக்களப்பு.

விடயம்: களவு மாடு என்ற சந்தேகத்தை நீக்கி, கலங்களைத் தொடர்ந்து பாதுகாத்தல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனது எருமை நீலி கடந்த மார்கழி வெள்ளத்தில் பாம்பு தீண்டி இறந்தது. அதன் காதிலிருந்து எடுத்த உயிர்க்கலங்கள் இரண்டு குப்பிகளில் தங்களது திரவ நைதரசன் தாங்கியில் உள்ளன. காது வெட்டப்பட்டிருப்பதால் இது களவு மாடாக இருக்கலாம் என்றும், குப்பிகள் இம்மாதம் 28ஆம் திகதி அழிக்கப்படும் என்றும் தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் எழுதியுள்ளார். வாசித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் ஆறவிட்டே இதை எழுதுகிறேன்.

2. கள்ளர் காதை வெட்டுவது அதிலுள்ள உரிமையாளரின் குறியை மறைக்க. மாடு மேய்க்கும் எங்கள் பட்டிக்காரர் வெட்டுவது அதே குறியைக் காட்ட. மேய்ச்சல் தரையில் மாடு செத்தால், குறியுள்ள காதை உரிமையாளரிடம் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். பத்தொன்பது வருடமாக எனது பட்டியைப் பார்க்கும் வீரகத்தி அண்ணன் அதையே செய்தார். "தங்கச்சி, மாடு களவு போகல்ல, செத்துப்போச்சு. இந்தா காது" என்று தந்துவிட்டு அழுதார். முன்பு செத்த பதினொரு மாடுகளின் காய்ந்த காதுகளும் என்னிடம் உள்ளன. விசாரணைக்குத் தேவையெனில் கொண்டுவருவேன். மணத்துக்கு நான் பொறுப்பல்ல.

3. வழமையாக வீரகத்தி அண்ணன் காது கெடாதிருக்க உப்புப் போடுவார். இம்முறை பாதை மூழ்கியதால் மீனவர் றிஸானின் தோணியில் வந்தவர், காதை மீன்பெட்டி ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். உப்பிட்டிருந்தால் கலங்கள் செத்திருக்கும் என்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வு செய்யும் அயல்வீட்டுத் துசாந்தினி சொன்னார். கலங்களை வளர்த்தெடுத்துத் தங்களிடம் ஒப்படைத்தவரும் அவரே.

4. குளோனிங் பற்றியும் அவரே விளக்கினார். வேறோர் எருமையின் சூல்முட்டையிலுள்ள உட்கருவை அகற்றி, நீலியின் கலத்தை அதற்குள் வைத்து, மின்னதிர்வால் இரண்டையும் இணைத்து, வளரும் முளையத்தை இன்னோர் எருமையின் கருப்பையில் வைப்பார்களாம். பிறக்கும் கன்று அச்சு அசல் நீலி. ஏனைய எருமைகள் இரண்டு லீற்றருக்கே முக்கும்போது, நீலி நாளுக்கு ஆறு லீற்றர் தந்தது, நோயென்று படுத்ததில்லை. அப்படியான மாட்டை மண்ணோடு விட்டுவிடாமல் காக்க ஒரு வழி இருக்கிறதே என்று மகிழ்ந்தேன்.

5. தீமைகளையும் கேட்டறிந்தேன். நூறு முளையங்களில் ஒருசிலதான் உயிரோடு பிறக்கும். சுமக்கும் எருமைக்கும் ஆபத்துண்டு. பட்டி முழுவதும் ஒரே அச்சானால், வரும் ஒரு நோய்க்கே எல்லாம் விழும். ஆகவே எனக்கு ஒரு கன்று போதும். வெள்ளத்தில் இருபத்துமூன்று மாடுகளை மேட்டுக்குக் கூட்டிச்சென்ற நீலியின் புத்தி அக்கன்றுக்குப் பிறப்பிலேயே வராது. அதை நாங்கள் பழக்க வேண்டும். பழக்குவோம்.

6. இன்றே குளோன் செய்து தாருங்கள் என்று கேட்கவில்லை. அதற்கான வசதி எங்கள் பக்கம் வரும்வரை குப்பிகளை வைத்திருங்கள். வரும் என்று முழுதாக நம்புகிறேன். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் எனது மாட்டுக்குறிப் பதிவின் பிரதியும் இணைத்துள்ளேன்.

வீரகத்தி அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கள் அலுவலகக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தினமும் கேட்கிறார். களவு என்ற சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 28ஆம் திகதிக்கு முன் குப்பிகளைக் காப்பதாகத் தாங்கள் ஒரு பதில் எழுதினால், அதை அவருக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டுவேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வதனி வினாயகமூர்த்தி
(ஒப்பம்)

இடம்: சித்தாண்டி
திகதி: 11.02.2025