உமது தொட்டி முதலில் தெளிந்தது

இன்று காலை உம்முடைய தம்பி என் மீன்தொட்டிக்கென்று ஒரு பிளாஸ்டிக் கான் கடல்தண்ணீரை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பும்போது, அலை உடையும் இடத்துக்கு அப்பால் அள்ளி வருகிற தண்ணீர். மூடியைத் திறந்ததும் உப்பும் பாசியும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. நீர் போய் இரண்டு வருடமாகப் போகிறது. அந்த மணத்தோடு எனக்குத் துக்கம் வரும் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். முதலில் வந்தது பொறாமை. வழக்கம்போல.

பாடசாலை அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் எழுதும் லிகிதராக இருந்த பெண் நீர். உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள் நான். வயது ஒன்று, இடைவேளைத் தேநீருக்கு மேசையும் ஒன்று. இருந்தும் நீர் என்னை ‘ரீச்சர்’ என்றும் ‘நீங்கள்’ என்றும் சொன்னீர். நான் உம்மை ‘நீர்’ என்றேன். மாற்றிச் சொல்லும்படி ஒருநாளும் நான் கேட்கவில்லை.

பிள்ளைகளைக் கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப்போன இடத்தில், ஒரு கடையின் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நீர் அசையாமல் நின்றீர். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப்பட்டி போட்ட சின்ன மீன்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த உமக்கு உயிரோடு நீந்தும் கடல்மீனைப் பக்கத்தில் நின்று பார்க்க அதுதான் முதல் தடவையாம். வீட்டில் எல்லாம் வலையில் வருகிறதுதானே என்றீர். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. மாங்குளத்துக் கண்ணாடிக் கடையில் மூன்றடித் தொட்டி, ஆளுக்கொன்றாக இரண்டு செய்வித்தோம். உம்முடைய தம்பி ஒரே நாளில், ஒரே இடத்துத் தண்ணீரால் இரண்டையும் நிரப்பினார்.

புதுத் தொட்டியில் உடனே மீன் விட முடியாது. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டோம். அதிலிருந்து வரும் அமோனியா மீனைக் கொல்லும் நஞ்சு. அதைத் தின்னும் பற்றீரியா வடிகட்டியின் ஸ்பொஞ்சில் மெல்ல மெல்லப் பெருகி, நஞ்சை நைத்திரைற்றாகவும் பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்ற வேண்டும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். நைதரசன் வட்டத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைகிறவள் நான். உமக்கு அதைத் வடை சுற்றி வந்த கடதாசியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டியதும் நான்தான்.

ஆறாவது வாரம் உமது தொட்டி தெளிந்தது. சின்னக் குப்பியில் எடுத்துச் சோதனை மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது, அமோனியா இல்லை. என்னுடையது கடும் பச்சை, அமோனியா அப்படியே. எட்டாவது வாரமும் பச்சை. பாதித் தண்ணீரை மாற்றினேன், கல்லைக் கழுவினேன், சனிக்கிழமை தவறாமல் ஸ்பொஞ்சைப் பிழிந்து கழுவினேன். நீர் என்ன செய்கிறீர் என்று கேட்டேன். ஒன்றும் செய்கிறதில்லை, பார்த்துக்கொண்டு இருக்கிறது மட்டும்தான் என்றீர். நான் நம்பவில்லை. அதோடு, வியாழக்கிழமைகளில் லீவு போட்டுவிட்டு வவுனியாவுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தீர். அங்கே ஏதோ கடையைக் கண்டுபிடித்து, மருந்து வாங்கி, எனக்கு மறைக்கிறீர் என்று முடிவு கட்டினேன்.

என் வகுப்புப் பிள்ளைகள் உம்முடைய வீட்டுக்கு மீன் பார்க்கப் போனார்கள். பாடசாலை அதிபரும் போனார். தண்ணீரூற்று ஊரில் இருக்கும் என் வீட்டுத் தொட்டியைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வந்தாலும் பார்ப்பதற்கு மீனில்லாத தண்ணீர்தான்.

அந்த நேரத்தில்தான் உம்முடைய ஸ்பொஞ்சைக் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி, ஈரப் பையில் போட்டுக் கொண்டுவந்தீர். மண்ணிறம், சேற்று மணம்.

“அழுக்கெண்டு நினையாதேங்கோ ரீச்சர். அப்பிடியே வையுங்கோ,” என்றீர்.

நீர் போனதும் நான் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பளிச்சென்று வரும்வரை கழுவினேன். உமது அழுக்கில் எனது தொட்டி ஓடக்கூடாது என்றுதான் கழுவினேன். தண்ணீரில் அலசினால் பற்றீரியா போய்விடாது என்று மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து நீர் வந்தபோதும் சோதனைக் குப்பியில் பச்சைதான். கை கழுவக் குழாயைத் திறந்தவர், தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி மணந்து பார்த்தீர்.

“இந்தத் தண்ணியிலயே ஸ்பொஞ்சு கழுவினனீங்கள்?”

“ஓம். ஏன்?”

“மருந்து மணக்குது. கிருமி சாகவெண்டு போடுற மருந்து. எங்கட பற்றீரியாவும் அதோட செத்திருக்கும், ரீச்சர்.”

குளோரின். கிணற்றுத் தண்ணீரோடு வாழ்ந்த உம்முடைய மூக்குக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. நாள்தோறும் அதில் முகம் கழுவுகிற எனக்கு, பாடப்புத்தகத்தில் அதைப் படிப்பிக்கிற எனக்கு, இரண்டரை மாதமாகத் தெரியவில்லை. நீர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. மறுநாள் மிச்சப் பாதியிலும் பாதியை வெட்டிக் கொண்டுவந்து, உம்முடைய கையாலேயே என் வடிகட்டிக்குள் வைத்தீர்.

அந்த வாரம், கால்வாசி ஸ்பொஞ்சு மட்டும் மிஞ்சிய உமது தொட்டி கலங்கியது. இரண்டு மீனில் ஒன்று செத்துப்போயிற்று. அலுவலகத்தில் நீர் அதைச் சொன்னபோது ‘ஐயோ’ என்றேன். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியது. இதுவரை ஒருவருக்கும் சொல்லாதது இது.

மூன்று வாரத்தில் என் தொட்டி தெளிந்தது. முதல் மீனை விட்டு, அதைப் போனில் வீடியோ எடுத்து, உமக்குக் காட்டவென்று ஓடி வந்தேன். நீர் கட்டிலில் கிடந்தீர். உம்முடைய கணவர் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, வியாழக்கிழமைகளில் நீர் போனது புற்றுநோய்க் கிளினிக்குக்கு என்றும், இனிப் போகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றும் சொன்னார். கையில் போன். அதில் என்னுடைய மீன் ஓடிக்கொண்டிருந்தது.

நீர் அதை வாங்கி இரண்டு தடவை பார்த்தீர். நைத்திரேற்று எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டீர். நான் அழுதேன். உம்மைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தேன், மீன் செத்தபோதும் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் கையைப் பிடித்துவிட்டீர்.

“எனக்குத் தெரியும் ரீச்சர். அது எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது. என்னைப் பாத்துப் பொறாமைப்பட வேற ஆர் இருந்தவை?”

அதன்பிறகு பன்னிரண்டு நாள் இருந்தீர்.

அடக்கத்தன்று மாதா கோவில் நிரம்பி, சனம் வெளியே மணலிலும் நின்றது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அங்கேயும் ஒரு கணம் நினைத்தேன். நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன்.

அலுவலகத்தில் நீர் இருந்த கதிரையில் இப்போது ஒரு புதுப் பெண். கெட்டிக்காரி, மரியாதையானவர், கணினியில் கை பறக்கும். அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் எது செய்தாலும் நல்லது என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறேன். பொறாமைப்பட ஆள் இல்லாத ஒரு பாடசாலையில் தேநீர் குடிப்பது இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

போன மாதம் என்னுடைய மாணவி ஒருத்திக்கு மருத்துவபீடம் கிடைத்தது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அந்த நேரத்தில் என்னை அறியாமல் அலுவலக யன்னலைப் பார்த்தேன். நீர் அங்கே நின்று, முகத்தில் ஒரு சின்ன எரிச்சலோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல் இருந்தது. உமக்கு என்மேல் ஒருநாளாவது பொறாமை வந்ததா என்று அன்று கட்டிலடியில் நான் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. வந்திருக்க வேண்டும், ஒரு தடவையாவது, என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.